கதிர்வீச்சு எண்களைப் படிக்கும் முறை: பெக்கரல், கிரே, சீவர்ட்

கதிர்வீச்சு பற்றிய ஓர் எண் செய்தியிலோ மருத்துவ அறிக்கையிலோ கையடக்க மீட்டரிலோ கண்ணில் படும்போது, அது பெரிய எண்ணா சிறிய எண்ணா என்று பார்ப்பதற்கு முன்னால் அது எதை அளந்த எண் என்று பார்க்க வேண்டும். இந்தத் துறையில் மூன்று வெவ்வேறு கேள்விகள் உள்ளன. ஒரு பொருளுக்குள் நொடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்பது முதல் கேள்வி. அதற்குரிய அலகு பெக்கரல். வெளிவந்த கதிர்களின் ஆற்றலில் எவ்வளவு ஓர் உடலிலோ பொருளிலோ தங்கியது என்பது இரண்டாவது. அதற்குரிய அலகு கிரே. தங்கிய ஆற்றலால் மனித உடலுக்குப் பிற்காலத்தில் தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பது மூன்றாவது. அதற்குரிய அலகு சீவர்ட். பழைய அலகுகளான கியூரி, ராட், ரெம் ஆகியவை முறையே இதே மூன்று கேள்விகளுக்கு உரியவை. முதல் அலகிலிருந்து மூன்றாவது அலகுக்குச் செல்ல எல்லா இடத்துக்கும் பொருந்தும் பெருக்கெண் எதுவும் கிடையாது. எந்த அணு, எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம், உடலுக்கு வெளியிலா உள்ளேயா என்ற விவரங்கள் கையில் இருந்தால்தான் அந்தக் கணக்கைப் போட முடியும்.

பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் 1987இல் நடந்த விபத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். கைவிடப்பட்ட புற்றுநோய்ச் சிகிச்சை மையம் ஒன்றிலிருந்து இருவர் கழற்றிச் சென்ற கருவிக்குள் சீசியம்-137 இருந்தது. அதன் கதிரியக்கம் 1,375 கியூரி, அதாவது 50.9 டெராபெக்கரல் (50.9 லட்சம் கோடி பெக்கரல்). அது காயலான் கடைக்குப் போய் உடைபட்டு, உள்ளே இருந்த பொடி இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் வியப்புடன் கைக்குக் கை மாறியது. பின்னர் ஏறத்தாழ 1,12,000 பேர் பரிசோதிக்கப்பட்டு, 249 பேரிடம் கதிரியக்கத் தூசி ஒட்டியிருப்பது கண்டறியப்பட்டது, நால்வர் இறந்தனர். 50.9 டெராபெக்கரல் என்ற எண் இவர்கள் அனைவருக்கும் பொதுவானது. இறந்த நால்வருடைய உடல் ஏற்ற அளவோ 4.5 முதல் 6 கிரே வரை என்று மதிப்பிடப்பட்டது. வரிசையில் நின்று பரிசோதனை செய்துகொண்ட பெரும்பாலோருக்கு அது கணக்கில் கொள்ளத்தக்கதாகவே இல்லை. மூலத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு எவருடைய நிலையையும் சொல்லிவிட முடியாது.

பெக்கரலும் கியூரியும்: மூலத்தில் எவ்வளவு இருக்கிறது

நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் அது 1 பெக்கரல். இதைவிடச் சிறிய அலகை எண்ணிப் பார்ப்பதே கடினம். அதனால்தான் செய்திகளில் பெக்கரல் எண்கள் எப்போதும் அச்சமூட்டும் அளவில் இருக்கின்றன. கியூரியின் கதை இதற்கு நேர்மாறானது. 1910இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் ரேடியத்தை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட அந்த அலகு, ஏறத்தாழ 1 கிராம் ரேடியம்-226இன் கதிரியக்கத்துக்குச் சமம். இன்றைய வரையறைப்படி அது நொடிக்கு 3,700 கோடி சிதைவு. ஆகவே 1 கியூரி என்பது 37 கிகாபெக்கரல் (கிகா என்பது 100 கோடி), 1 மில்லிகியூரி என்பது 37 மெகாபெக்கரல் (மெகா என்பது 10 லட்சம்). பள்ளிப் புத்தகங்களில் தென்படும் ரூதர்ஃபோர்டு என்னும் அலகு நொடிக்கு 10 லட்சம் சிதைவைக் குறிக்கிறது. தேர்வுக்கு வெளியே அதைக் காண வாய்ப்பு மிகக் குறைவு.

நம் மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவுகளில் இன்றும் மில்லிகியூரியில்தான் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். எலும்பு ஸ்கேனுக்கு 20 மில்லிகியூரி டெக்னீசியம்-99எம் செலுத்தப்பட்டது என்று அறிக்கையில் இருந்தால், 37ஆல் பெருக்கி 740 மெகாபெக்கரல் என்று கொள்ளலாம். இது ஊசியில் இருந்த மருந்தின் கதிரியக்கம் மட்டுமே; உடல் ஏற்ற அளவு அன்று. அந்த 740 மெகாபெக்கரலால் பெரியவர் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட். அதே 20 மில்லிகியூரி வேறோர் அணுவாக இருந்தால் விடை முற்றிலும் மாறிவிடும்.

பெக்கரலைப் படிக்கும்போது உடன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நாளும் நேரமும். கதிரியக்கம் குறைந்துகொண்டே போவதால், எந்த நேரத்தில் அளந்தது என்ற குறிப்பு இல்லாத எண் அரைகுறையானது. டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு 20 மில்லிகியூரியாக இருந்த குப்பி பிற்பகல் 2 மணிக்கு 10 மில்லிகியூரியாகிவிடும். அயோடின்-131க்கு அது 8 நாள், கோபால்ட்-60க்கு 5.27 ஆண்டு, சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 ஆண்டு. பழைய கோபால்ட் கருவி ஒன்றின் மேல் ஒட்டப்பட்ட அட்டையில் உள்ள எண்ணைப் படித்தால், அட்டையில் உள்ள தேதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொன்று, வகுக்கும் அலகு. உணவில் கிலோகிராமுக்கு, நீரில் லிட்டருக்கு, காற்றில் கன மீட்டருக்கு, தரையில் படிந்த தூசியில் சதுர மீட்டருக்கு என்று பெக்கரல் வெவ்வேறு வடிவில் வரும். மொத்தப் பெக்கரலைச் சொல்லும் தலைப்புக்கும் லிட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும் தலைப்புக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் தேக்கிய நீரைச் சுத்திகரித்துக் கடலில் விடும் பணி 2023 ஆகஸ்டில் தொடங்கியபோது, ஆண்டுக்கு 22 டெராபெக்கரல் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) என்பது உச்சவரம்பாக வைக்கப்பட்டது. டெரா என்பது லட்சம் கோடி. எனவே 22 லட்சம் கோடி பெக்கரல் என்று எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார். 1 கிராம் டிரிட்டியத்தின் கதிரியக்கம் ஏறத்தாழ 356 டெராபெக்கரல் என்பதால், அந்த 22 லட்சம் கோடியின் எடை 0.06 கிராம்தான். எடை குறைவு என்பதற்காக ஒன்றைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிடவும் கூடாது. கோயானியாவில் நான்கு உயிர்களைப் பறித்த சீசியம் குளோரைடும் 100 கிராமுக்குக் குறைவானதே. பெக்கரலையும் கிராமையும் மாறி மாறிக் காட்டி அச்சுறுத்தவும் முடியும், ஆறுதல் சொல்லவும் முடியும் என்பதைப் படிப்பவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அன்றாடப் பொருள்களின் பெக்கரல் எண்கள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அச்சம் பாதி குறையும். பொட்டாசியம் எங்கிருந்தாலும் அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கப் பொட்டாசியம்-40 ஆக இருக்கும்; 1 கிராம் பொட்டாசியத்துக்கு ஏறத்தாழ 31 பெக்கரல். வளர்ந்த மனித உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் உண்டு; எனவே நாம் ஒவ்வொருவரும் 4,000 பெக்கரலுக்கு மேல் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறோம். வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் எடையில் பாதி பொட்டாசியம் என்பதால், கிலோவுக்கு 15,000 பெக்கரல் அளவில் இருக்கும். 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏழு லட்சத்துக்கும் மேல்.

கிரே: எவ்வளவு ஆற்றல் தங்கியது

ஒரு கிலோகிராம் பொருளில் கதிர்வீச்சால் 1 ஜூல் ஆற்றல் தங்கினால் அது 1 கிரே. ஆங்கிலேய இயற்பியலாளர் லூயிஸ் ஹெரால்டு கிரேயின் பெயரால் 1975இல் ஏற்கப்பட்ட இந்த அலகு 100 ராடுக்குச் சமம். வெப்பமாகப் பார்த்தால் இது மிகச் சிறிய ஆற்றல். முழு உடலிலும் 4 கிரே ஒரே நேரத்தில் ஏறினால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த 4 கிரே என்பது 280 ஜூல். ஒரு தேக்கரண்டி சூடான தேநீரைக் குடித்தால் உடலுக்குக் கிடைக்கும் வெப்பமும் அவ்வளவுதான். கொல்வது வெப்பம் அன்று. அந்த ஆற்றல் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுத்து, செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளை உடைக்கும் விதம்தான்.

கிரே எண்ணைக் கண்டால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, "எந்த இடத்தில்?" என்பது. புற்றுநோய்ச் சிகிச்சையில் கட்டிக்கு 60 கிரே கொடுப்பது வழக்கமானது. நாளுக்கு 2 கிரே வீதம் 30 நாள்களாகப் பிரித்துத் தருவார்கள். முழு உடலுக்கு 60 கிரே என்றால் பிழைக்க வழியே இல்லை. ஒரே எண், ஒரே அலகு; ஆனால் ஒன்று கட்டியின் சில நூறு கிராமுக்கு உரியது, மற்றொன்று முழு உடலுக்கு உரியது. சிகிச்சைக் குறிப்பில் 6000 சென்டிகிரே என்று எழுதியிருந்தால் அதுவும் இந்த 60 கிரேதான். 1 சென்டிகிரே 1 ராடுக்குச் சமம் என்பதால், ராடில் பழகிய தலைமுறை எண்களை மாற்றாமலேயே புதிய அலகுக்கு வந்துவிட்டது.

உடலைத் தாண்டிய கிரே எண்களும் உண்டு. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்திய மாம்பழங்களுக்குப் பூச்சித் தடுப்புக்காகக் குறைந்தது 400 கிரே கொடுக்கப்படுகிறது; ஊசி, கையுறை போன்ற மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்க 25 கிலோகிரே என்பது வழக்கமான அளவு. இதற்குப் பயன்படும் காமாக் கதிர்களால் பழமோ கையுறையோ கதிரியக்கம் உடையதாக ஆகிவிடாது. அவற்றில் ஆற்றல் தங்குகிறது, பெக்கரல் கூடுவதில்லை.

பொதுமக்கள் கிரேயை அதிகம் சந்திப்பது சி.டி. ஸ்கேன் படங்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சிறு அட்டவணையில்தான். அதில் சி.டி.டி.ஐ. என்ற வரியில் மில்லிகிரேயும், டி.எல்.பி. என்ற வரியில் மில்லிகிரே-சென்டிமீட்டரும் இருக்கும். இரண்டுமே இயந்திரம் ஒரு செயற்கை உருளையில் கொடுக்கும் அளவைக் கொண்டு கணக்கிடப்படுபவை. நோயாளியின் உடல் ஏற்றதை நேரடியாகச் சொல்பவை அல்ல. தோராயமான மில்லிசீவர்ட் வேண்டுமானால் டி.எல்.பி. எண்ணை எடுத்து, பெரியவர்களின் வயிற்றுக்கு 0.015ஆலும், மார்புக்கு 0.014ஆலும், தலைக்கு 0.0021ஆலும் பெருக்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் டி.எல்.பி. 600 என்றால் 9 மில்லிசீவர்ட். தலை ஸ்கேனில் 1000 என்றாலும் 2.1 மில்லிசீவர்ட்தான். அட்டவணையில் பெரிய எண் இருப்பதாலேயே தலை ஸ்கேன் மோசமானது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கெண்கள் வேறு, கூடுதலும்கூட. பெரியவர்களுக்கானதை அவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

சீவர்ட்: தீங்கின் கணக்கு

ஒரே அளவு ஆற்றல் தங்கினாலும் எல்லாக் கதிர்களும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. எக்ஸ் கதிர், காமா, பீட்டா ஆகியவற்றுக்கு 1 என்றும், ஆல்ஃபாத் துகளுக்கு 20 என்றும், நியூட்ரானுக்கு அதன் வேகத்தைப் பொறுத்து இடைப்பட்ட எண்கள் என்றும் எடைக் காரணிகள் வகுக்கப்பட்டுள்ளன. கிரேயை இந்தக் காரணியால் பெருக்கினால் கிடைப்பது ஓர் உறுப்புக்கான சமான அளவு. பிறகு, எல்லா உறுப்புகளும் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை என்பதால், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பங்கு தரப்படுகிறது: நுரையீரல், வயிறு, பெருங்குடல், எலும்பு மச்சை, மார்பகம் ஆகியவை ஒவ்வொன்றுக்கும் 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. எல்லாப் பங்குகளும் சேர்ந்தால் 1. உறுப்புகளின் அளவுகளை இந்தப் பங்குகளால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது முழு உடலுக்கான பயனுறு அளவு.

இரண்டுக்கும் அலகு சீவர்ட்தான் என்பது இந்தத் துறையின் மிகப் பெரிய குழப்பம். இதற்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. தைராய்டுக்கு 100 மில்லிசீவர்ட் என்ற செய்தியும் முழு உடலுக்கு 100 மில்லிசீவர்ட் என்ற செய்தியும் ஒன்றல்ல, முதலாவதை 0.04ஆல் பெருக்கினால் பயனுறு அளவு 4 மில்லிசீவர்ட்தான் வரும். ஆகவே சீவர்டைக் கண்டால் உறுப்புக்கா முழு உடலுக்கா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. சீவர்ட் என்பது குறைந்த அளவுகளில், பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பை மக்கள் தொகையின் சராசரியாகக் கணக்கிட வகுக்கப்பட்டது. ஒரே நாளில் தோல் வெந்து, இரத்த அணுக்கள் குறையும் அளவுக்கு ஏறியவர்களைப் பற்றிப் பேசும்போது கிரேயே பொருத்தமானது. "அவர் 6 சீவர்ட் ஏற்றார்" என்று எழுதுவது பழக்கத்தால் வந்தது. பழைய ஆவணங்களில் உள்ள ரெம்மை நூறால் வகுத்தால் சீவர்ட். 1 மில்லிரெம் என்பது 10 மைக்ரோசீவர்ட்.

உண்பதிலும் குடிப்பதிலும் உள்ள பெக்கரலைச் சீவர்டாக மாற்றுதல்

உடலுக்குள் சென்ற ஒரு பெக்கரல் வாழ்நாளில் எவ்வளவு சீவர்ட் தரும் என்பதற்கு, அணு வாரியாக, வயது வாரியாகப் பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பெருக்கெண்களை வெளியிட்டிருக்கிறது. வயதுவந்தோர் உட்கொண்டால், ஒரு பெக்கரலுக்கு டிரிட்டியம் 0.000018 மைக்ரோசீவர்ட், பொட்டாசியம்-40 0.0062, சீசியம்-137 0.013, அயோடின்-131 0.022; பொலோனியம்-210 1.2. வரிசையின் முதலுக்கும் கடைசிக்கும் இடையே 60,000 மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. அணுவின் பெயரைச் சொல்லாமல் "இத்தனை பெக்கரல் கதிரியக்கம் கண்டுபிடிப்பு" என்று வரும் செய்தியால் பயனில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கணக்கிடும் முறை எளிது. பெக்கரல் அளவை, ஆண்டில் உட்கொள்ளும் அளவால் பெருக்கி, வரும் விடையை அந்த அணுவின் எண்ணால் பெருக்க வேண்டும். ஜப்பானில் 2012 ஏப்ரல் முதல் பொது உணவுகளுக்குக் கதிரியக்கச் சீசியத்தின் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் அரிசியை ஒருவர் ஆண்டுக்கு 60 கிலோ சாப்பிடுகிறார் என்று கொள்வோம். முழுவதும் சீசியம்-137 என்றும் வைத்துக்கொள்வோம். 6,000 பெக்கரல், அதை 0.013ஆல் பெருக்கினால் 78 மைக்ரோசீவர்ட், அதாவது 0.08 மில்லிசீவர்டுக்குச் சற்றுக் குறைவு. குடிநீரில் டிரிட்டியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 730 லிட்டர் குடித்தால் 73 லட்சம் பெக்கரல், 0.000018ஆல் பெருக்கினால் 131 மைக்ரோசீவர்ட். 6,000 பெக்கரல் சீசியமும் 73 லட்சம் பெக்கரல் டிரிட்டியமும் ஏறக்குறைய ஒரே படியில் வந்து நிற்பதைக் காணலாம்.

வாழைப்பழத்தை வைத்துக் கதிர்வீச்சை ஒப்பிடும் பழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. நடுத்தர அளவுள்ள பழம் ஒன்றில் 13 பெக்கரல் அளவுக்குப் பொட்டாசியம்-40 இருக்கிறது என்பதும், மேலே சொன்ன எண்ணால் பெருக்கினால் 0.1 மைக்ரோசீவர்டுக்குச் சற்றுக் குறைவாக வரும் என்பதும் உண்மைதான். ஆனால் உடல் தன் பொட்டாசிய அளவைத் தானே சமன் செய்துகொள்வதால், கூடுதலாக உண்டது விரைவில் வெளியேறிவிடும். ஒரு பழம் கூடுதலாகத் தின்றால் அந்த 0.1 நிலையாகச் சேர்ந்துகொண்டே போவதில்லை. எலும்பில் தங்கிவிடும் ஸ்ட்ரான்ஷியத்தையும் தைராய்டில் குவியும் அயோடினையும் வாழைப்பழக் கணக்கால் விளக்க முயல்வது தவறு.

கையடக்க மீட்டரைப் படித்தல்

மீட்டரில் தெரிவது பெரும்பாலும் வீதம். மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட். ஏற்ற அளவு வேண்டுமானால் அங்கே இருந்த நேரத்தால் பெருக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 15 அன்று மூன்றாம் உலைக்கு அருகில் மணிக்கு 400 மில்லிசீவர்ட் பதிவானது. அங்கே 3 நிமிடம் நின்றாலே 20 மில்லிசீவர்ட் ஏறிவிடும். அந்த நாள்களின் செய்திகளில் மில்லியும் மைக்ரோவும் அடுத்தடுத்து வந்து படிப்பவர்களைக் குழப்பின. இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு. எண்ணைப் படிப்பதற்கு முன் முன்னொட்டைப் படிப்பது நல்ல பழக்கம். சில மீட்டர்கள் அளவு கூடும்போது மைக்ரோவிலிருந்து மில்லிக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும் என்பதால் இது இன்னும் அவசியம்.

சாதாரண இடங்களில் மணிக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோசீவர்ட் வரை காட்டும். மணிக்கு 0.1 என்றால் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு 0.88 மில்லிசீவர்ட். உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்று படித்தவர்கள் இங்கே திகைப்பார்கள். மீட்டர் பார்ப்பது விண்வெளியிலிருந்தும் தரையிலிருந்தும் வருவதை மட்டுமே. மொத்தத்தில் ஏறத்தாழ பாதி மூச்சில் போகும் ரேடான் வாயுவாலும், இன்னொரு சிறு பங்கு உணவில் போகும் பொட்டாசியம் முதலியவற்றாலும் வருகிறது; இவை மீட்டரில் தெரியாது. ரேடானுக்குத் தனிக் கருவி வேண்டும். அதன் அலகு கன மீட்டருக்குப் பெக்கரல், அமெரிக்கக் கருவிகளில் லிட்டருக்குப் பிக்கோகியூரி. ஒரு பிக்கோகியூரியை 37ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கான பெக்கரல் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்தின் சவறாவிலும், மணலில் உள்ள மோனசைட் கனிமத்தின் தோரியத்தால் மீட்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டும். கருவி பழுது என்று நினைக்க வேண்டாம்.

விலை குறைந்த கெய்கர் மீட்டர்கள் உண்மையில் எண்ணுவது நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்பதைத்தான். உள்ளே கதிர்களை உணரும் குழாயின் வகையைப் பொறுத்த ஓர் எண்ணால் பெருக்கி அதைச் சீவர்டாகக் காட்டுகின்றன. பரவலாகப் பயன்படும் எஸ்.பி.எம்.-20 என்னும் சோவியத் காலக் குழாய்க்கு, நிமிடத்துக்கு ஒரு துடிப்பு மணிக்கு 0.0057 மைக்ரோசீவர்ட் என்று கொள்வது வழக்கம். 20 துடிப்பு என்றால் 0.11. இந்த எண் சீசியம் போன்ற காமா மூலத்தை வைத்துச் சரிபார்த்தது. பொட்டாஷ் மூட்டையின் மீதோ பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் தோரிய மேண்டிலின் மீதோ மீட்டரை ஒட்டி வைத்தால் துடிப்பு கூடும். ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி பீட்டாத் துகள்களால் வருவது. அப்போது திரையில் தோன்றும் மைக்ரோசீவர்டுக்குப் பொருள் இல்லை. துடிப்பு எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிதைவு தற்செயலாக நிகழ்வதால் அடுத்தடுத்த நிமிடங்களில் எண் ஒன்றாக இருக்காது. எண்ணிய துடிப்புகளின் வர்க்கமூலம்தான் எதிர்பார்க்கத்தக்க ஏற்ற இறக்கம்: 20 என்றால் கூடவோ குறையவோ 4 அல்லது 5. ஒரு நிமிடம் 16, மறு நிமிடம் 25 என்று வந்தால் எதுவும் நடந்துவிடவில்லை. பத்து நிமிடம் எண்ணி 200 துடிப்பு கிடைத்தால் ஏற்ற இறக்கம் 14தான். நம்பகமான சராசரி வேண்டுமானால் பொறுமையாக எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எதிர்முனையில் வேறோர் ஆபத்து இருக்கிறது: கருவியின் உச்ச வரம்பு. 1986இல் செர்னோபில் விபத்து நடந்த இரவில், அங்கிருந்தவர்கள் கையில் உடனடியாகக் கிடைத்த கருவிகளின் உச்சம் நொடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜன். அதை 3,600 நொடியால் பெருக்கினால் மணிக்கு 3.6 ராண்ட்ஜன். முள் அங்கே போய் நின்றுவிட்டது. அந்த எண் மேலிடத்துக்கு உண்மையான அளவாகவே போனது. உலையின் அருகே இருந்த அளவோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. மீட்டர் வாங்கினால் முதலில் அதன் கையேட்டில் உச்ச வரம்பைப் பார்த்து, அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். உச்சத்தில் நிற்கும் எண்ணை "இதற்குக் குறையாமல்" என்று மட்டுமே படிக்க வேண்டும். சில குழாய்கள் மிகக் கடுமையான கதிர்வீச்சில் திணறிப்போய்ச் சுழியத்துக்கு அருகில் காட்டுவதும் உண்டு. ராண்ட்ஜன் என்பது காற்றில் உண்டாகும் மின்னேற்றத்தை அளக்கும் பழைய அலகு. தோராயக் கணக்குக்கு 100 ராண்ட்ஜனை 1 சீவர்டாகக் கொள்ளலாம், காமாவுக்கும் எக்ஸ் கதிருக்கும் மட்டும்.

தொலைவைக் குறிக்காத அளவீடும் பயனற்றது. சிறிய மூலத்திலிருந்து தொலைவு இரட்டிப்பானால் வீதம் கால் பங்காகும். 1 கிகாபெக்கரல் கோபால்ட்-60 ஒரு மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 0.35 மில்லிசீவர்ட் தரும்; 2 மீட்டரில் 0.09தான், 10 சென்டிமீட்டரில் 35. டெல்லி மாயாபுரியில் 2010இல் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்த கோபால்ட் துண்டுகளால் ஒருவர் உயிரிழந்தார்; கையில் எடுத்துப் பார்ப்பவருக்கும் அடுத்த கடையில் இருப்பவருக்கும் ஏற்படும் வேறுபாட்டை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

எதனுடன் ஒப்பிடுவது

இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இவை இயற்கைக் கதிர்வீச்சுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அப்பாற்பட்டவை. எனவே, வயிற்று சி.டி. ஸ்கேன் 9 மில்லிசீவர்ட் தந்தது, பொதுமக்களுக்கான வரம்பைப் போல் ஒன்பது மடங்கு என்று ஒப்பிடுவது பொருந்தாது. அங்கே எடை போட வேண்டியது பரிசோதனையால் கிடைக்கும் பயனை.

எக்ஸ் கதிர் அறைகளில் பணிபுரிவோருக்கு, ஏற்ற கதிர்வீச்சைப் பதிவு செய்ய அவர்கள் அணியும் டி.எல்.டி. பேட்ஜின் அறிக்கையில் இரண்டு எண்கள் வரலாம்: உடலுக்குள் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கான அளவு, தோலுக்கான 0.07 மில்லிமீட்டர் ஆழத்துக்கான அளவு. முதலாவதைத்தான் 20 மில்லிசீவர்ட் வரம்புடன் ஒப்பிட வேண்டும். தோலுக்கான வரம்பு வேறு. அறிக்கையில் சுழியம் என்று இருந்தால், கருவி பதிவு செய்யும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்று பொருள். திடீரென்று ஒரு காலாண்டில் எண் எகிறியிருந்தால், பதறுவதற்கு முன் பேட்ஜ் எங்கே இருந்தது என்று விசாரிக்க வேண்டும். ஈய மேலங்கிக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டியதை மேலங்கியின் வெளிப்புறம் குத்திக்கொண்டாலோ, பணி முடிந்ததும் மேலங்கியோடு எக்ஸ் கதிர் அறையிலேயே மாட்டிவிட்டுப் போனாலோ, அது பதிவு செய்வது அணிந்தவர் ஏற்ற அளவை அன்று; அந்தச் சுவர் ஏற்ற அளவை.